வளவு வீட்டிலிருந்து வானுயர் மாடம் வரை: எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார்

காஞ்சி மாநகரை நெருங்குவோர் கண்ணில் தொலைவிலேயே படுவது ஏகாம்பரநாதர் திருக்கோயிலின் இராசகோபுரம். விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் 1509-ஆம் ஆண்டில் எழுப்பிய அக்கோபுரத்தின் உயரம் 192 அடி. அது எழுந்து நானூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தபின், 1959-இல், சென்னை மவுண்ட் ரோட்டில் ஒரு கட்டடம் திறக்கப்பெற்றது. நாட்டிலேயே மிக உயர்ந்த அடுக்குமாடி என்று அன்று அது புகழப்பட்டது. பதினான்கு மாடிக் கட்டடம் என்றும், எல்.ஐ.சி. கட்டடம் என்றும் தமிழ் மக்கள் வழங்கிவரும் அதன் உயரம் 177 அடி. குதுப்மினாரையும் கோபுரங்களையும் கணக்கில் கொள்ளாமல், மாந்தர் புழங்கும் மாடிகளை மட்டும் அளந்து சொன்ன புகழ் அது. பட்டுப் பொதியுடன் சென்னை சென்று திரும்பிய காஞ்சி மக்கள் அக்கட்டடத்தை அண்ணாந்து பார்த்து வியந்து வந்து கதை சொன்னார்கள். தம் ஊர்க் கோபுரம் அதனினும் பதினைந்து அடி உயர்ந்தது என்பதை அவர்களுள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பர்!

கோபுரத்தைக் கட்டியவர் யார் என்று கேட்டால் காஞ்சியில் பள்ளிச் சிறுவனும் விடை சொல்வான். அந்த அடுக்குமாடியை எண்ணிப் பார்த்து, பணம் ஒதுக்கி, கடைக்கால் இட்டவர் யார் என்று சென்னையில் கேட்டால் விடை சொல்வோர் அரியர். அவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். பெயரைச் சொன்னாலும் பலர் அவரைச் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தின் பெயருக்குரிய எம்.ஏ. சிதம்பரமாகக் கருதிவிடுகின்றனர். இவர் வேறு, அவர் வேறு. இருவரும் நகரத்தார் மரபினர் என்பதும் பெயர் ஒன்று என்பதும் இக்குழப்பத்திற்குக் காரணம். மைதானத்திற்குரியவர் இராசா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மைந்தர்; 2000-ஆம் ஆண்டு வரை வாழ்ந்தவர். கட்டடத்திற்குரியவரோ 1954-இலேயே, நாற்பத்தைந்து வயதில், அக்கட்டடத்தின் முழு உருவைக் காணாமலே மறைந்தார்.

சிதம்பரம் செட்டியார் 1908-ஆம் ஆண்டில் பிறந்தார். தந்தையார் சர் எம்.சி.டி. முத்தையா செட்டியார், சென்னையில் பெருமதிப்புப் பெற்ற வணிகர். நகரத்தாரிடையே பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகளை விலாசம் என்பர். அவை வெறும் தலைப்பெழுத்துகள் அல்ல; ஒரு குடும்பத்தின் பல தலைமுறைகளைச் சுருக்கி வைத்த வரலாறு. தந்தையின் தந்தை பெயரைத் தலைமகனுக்கு இடுவது அவர்கள் வழக்கம். எனவே முத்தையாவின் மகன் சிதம்பரம், சிதம்பரத்தின் மகன் முத்தையா என்று இரண்டு பெயர்களே மாறிமாறி வருவதுண்டு. அந்த விலாசத்தை நம்பியே இரங்கூனில் ஒருவர் கொடுத்த பணத்தைக் காரைக்குடியில் மற்றொருவர் எண்ணித் தருவார். தனிமனிதன் மறைவான், விலாசம் நிலைக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. பின்னாளில் இந்த விலாசத்திற்கு நேர்ந்ததைக் காணும்போது இச்செய்தியை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

செட்டிநாட்டு வீடுகளின் அமைப்பையும் இங்கே சிறிது கூறவேண்டும். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீண்டு செல்பவை அவை. முகப்பைக் கடந்தால் வளவு. வளவின் நடுவே வானம் பார்த்த முற்றம். முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய அறைகள். அதற்கப்பால் இரண்டாங்கட்டு, அடுப்படி. பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கொண்டு இழைத்த அவ்வீடுகளில் செல்வத்தின் அளவு தெரிவது நீளத்திலும் அகலத்திலுந்தான். மாடி இருப்பினும் உயரம் அங்கே பெருமையன்று, உயரம் கோயிலுக்குரியது. ஏகாம்பரநாதர் கோயிலில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும் பொருட்செலவில் திருப்பணி செய்தவர்களும் நகரத்தாரே. இவ்வாறு நீளத்தில் வாழ்ந்து, உயரத்தைத் தெய்வத்திற்கு ஒதுக்கிய ஒரு மரபில் வந்தவர், அலுவலகம் ஒன்றை வானளாவ எழுப்ப எண்ணியது எங்ஙனம் என்பதே இவ்வாழ்க்கை வரலாற்றின் சுவைமிக்க பகுதி.

தந்தையார் 1929-இல் காலமானார். அப்போது சிதம்பரத்திற்கு வயது இருபத்தொன்று. குடும்பப் பொறுப்பு முழுவதும் தோளில் விழுந்தது. அது விழுந்த காலமோ மிகக் கொடியது. அவ்வாண்டின் இறுதியில் நியூயார்க்குப் பங்குச் சந்தை சரிந்தது. அடுத்த ஆண்டில் உலகெங்கும் நெல் விலை வீழ்ந்தது. ஐராவதி ஆற்றுப் படுகையில் நகரத்தாரிடம் கடன் பெற்றுக் காடு திருத்தி நெல் விளைவித்த பர்மிய உழவர்கள் வட்டியும் முதலும் கட்ட இயலாது நிலத்தை இழந்தனர். சில ஆண்டுகளில் கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால்பங்கு நிலம் நகரத்தார் கைக்கு வந்து சேர்ந்தது. நிலம் வந்தது, கூடவே பகையும் வந்தது. பணத்தைப் பணமாகவே பெருக்கத் தெரிந்தவர்களிடம் விலைபோகாத நிலம் குவிந்தது அவர்களுக்கும் நன்மையாக முடியவில்லை. நிலமிழந்த உழவனின் துயரைச் சொல்லவே வேண்டா. நகரத்தார் புகழ் பாடும் நூல்கள் பல இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றன. ஆயினும் இளைஞர் சிதம்பரத்தின் பிற்காலச் செயல்கள் அனைத்திற்கும் வித்து இங்கேதான் இருக்கிறது.

பழைய முறை எத்தகையது? கிட்டங்கி எனப்படும் நீண்ட கூடத்தில், ஆளுக்கொரு பாயும் கைப்பெட்டியும் கணக்கேடுமாகப் பல விலாசங்களின் முகவர்கள் வரிசையாக அமர்ந்திருப்பர். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று பணியாளர் மிகச் சிலர். மூன்றாண்டுக் கணக்கு முடிந்ததும் முகவர் ஊர் திரும்புவார், வேறொருவர் கப்பலேறுவார். கடையின் வரவு செலவு முழுவதும் குடும்பத்தின் வரவு செலவே. நம்பிக்கை என்னும் ஒற்றைத் தூணின்மேல் நின்ற அமைப்பு அது. அரசு மாறினாலோ, சட்டம் மாறினாலோ, விலை சரிந்தாலோ அதைத் தாங்க வேறு தூண் இல்லை.

அந்த வேறு தூணைச் சிதம்பரம் செட்டியார் கூட்டுப்பங்கு நிறுவனத்தில் கண்டார். 1937-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி பிறந்தது. ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் அதன் கிளைகள் திறக்கப்பெற்றன. சொந்த ஊர்ப்பக்கம் ஒன்று, மாகாணத் தலைநகரில் ஒன்று, கடல்கடந்த நாட்டில் ஒன்று! அடுத்துப் பினாங்கிலும், பின்னர்ச் சிங்கப்பூரிலும் கிளைகள் தோன்றின. அந்நியச் செலாவணி வணிகம் வெள்ளையர் வங்கிகளின் கைப்பிடிக்குள் இருந்த காலத்தில், கடல்கடந்த வணிகம் என்பதைப் பெயரிலேயே தாங்கி ஓர் இந்திய வங்கி எழுந்தது துணிவான செயலாகும். நாள் குறித்ததிலும் ஒரு நுட்பம் தென்படுகிறது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாளன்று பர்மா இந்தியாவினின்றும் சட்டப்படி பிரிக்கப்பட்டது. அதுவரை உள்நாட்டுக் கொடுக்கல் வாங்கலாக இருந்தது அன்றுமுதல் வெளிநாட்டுக் கொடுக்கல் வாங்கலாயிற்று. ஏறத்தாழ இரண்டு திங்களுக்கு முன்பே வங்கி திறந்துவிட்டது. இருபத்தெட்டு வயதிற்குரிய வேகமும் அவ்வயதிற்கு மீறிய கணக்கும் இதில் ஒருங்கே காணப்படுகின்றன.

இரண்டாம் உலகப்போர் அக்கணக்கையும் குலைத்தது. சப்பானியப் படை வருமுன் பர்மாவிலிருந்து இந்தியர் பல்லாயிரவர் நடந்தே தாயகம் மீண்டதும் வழியில் மாண்டதும் தமிழர் அறிந்த துயரம். இரங்கூன், பினாங்குக் கிளைகளை வங்கி இழந்தது. விடுதலை பெற்ற பர்மா 1948-க்குப் பின் நிலங்களை நாட்டுடைமையாக்கிற்று. மூன்று தலைமுறை நகரத்தார் சேர்த்தது ஏட்டில் மட்டும் எஞ்சியது. கூட்டுப்பங்கு நிறுவனமாக மாறிய வங்கியோ நொறுங்காமல் நின்றது. உள்நாட்டில் வேர்விட்டு வளர்ந்தது. 1969 சூலையில் நாட்டுடைமையான பதினான்கு வங்கிகளுள் அதுவும் ஒன்று.

வங்கியைப்போலவே அவர் கருத்தைக் கவர்ந்தது காப்பீடு. சுதேசி இயக்கத்தின் சூட்டில் 1906-இல் சென்னையில் தோன்றிய யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனம் அவருடைய தலைமைக்கு வந்தது. தீ முதலியவற்றிற்கான பொதுக் காப்பீட்டுக்கென 1938-இல் இணை நிறுவனம் ஒன்றும் எழுந்தது. காப்பீட்டின் இயல்பு வட்டிக்கடைக்கு நேர்மாறானது. வட்டிக்கடையில் ஒருவர் பணம் பலருக்குச் செல்லும். காப்பீட்டில் பலர் பணம் ஓரிடம் சேரும். ஆசிரியர், எழுத்தர், சிறு வணிகர் எனத் திங்கள்தோறும் சில ரூபாய் கட்டும் எளியோர் பல்லாயிரவர் சேமிப்பு அது. அதைப் பல ஆண்டுகள் பாதுகாத்து வைத்துத் திருப்பித் தரவேண்டும். நீண்டகாலம் நிலைக்கும் சொத்தில் அதன் ஒரு பகுதியை முடக்குதல் அத்தொழிலின் இலக்கணம். நகரின் நடுவே நிலமும் கட்டடமும் அத்தகைய சொத்துகள். உலகெங்கும் காப்பீட்டு நிறுவனங்களே உயர்ந்த மாளிகைகளை எழுப்பியமைக்கு வீண் பெருமை மட்டும் காரணமன்று.

கட்டடத்தின் கதைக்குப் போகுமுன் காஞ்சியோடு தொடர்புடைய ஒரு செய்தியைத் தொட்டுச் செல்லலாம். திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தில் பெரும்பாவூரை அடுத்துப் பெரியாற்றின் அருகே திருவிதாங்கூர் ரேயான்ஸ் என்னும் ஆலையைச் சிதம்பரம் செட்டியார் நிறுவினார். 1946-இல் நிறுவனம் தோன்றி 1950-இல் உற்பத்தி தொடங்கியது. இந்தியாவில் ரேயான் நூல் செய்த முதல் ஆலை அதுவே. மரக்கூழை இரசாயனத்தில் கரைத்து, நுண்துளை வழியே பாய்ச்சி இழையாக்கும் இம்முறையில் கிடைப்பது பட்டுப்போல் மின்னும்; விலையோ பட்டில் மிகச் சிறு பங்கு. ஆர்ட் சில்க் என்று கடைத்தெருவில் பெயர்பெற்ற அந்நூல், மூன்று நாடா ஓட்டிக் கோர்வை நெய்யும் காஞ்சித் தறிக்குள் இடம்பெறவில்லை. எனினும் பட்டுச் சேலை எட்டாத வீடுகளில் பட்டின் சாயலைக் கொண்டுசேர்த்தது அது. உண்மைப் பட்டை நெய்வோர் அதைக் கசப்போடு பார்த்ததிலும் வியப்பில்லை. அந்த ஆலை 2001-இல் மூடப்பட்டது. காஞ்சித் தறி இன்னும் ஓடுகிறது.

இனிக் கட்டடம். தம் குழும நிறுவனங்கள் அனைத்தையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர வேண்டும் என்று சிதம்பரம் செட்டியார் விரும்பினார். இடம் மவுண்ட் ரோடு. அச்சாலையின் அன்றைய தோற்றத்தை நினைத்துப் பார்த்தல் நன்று. இந்தோ-சாரசனிக் பாணியில் குவிமாடமும் வளைவும் சிறு கோபுரங்களுமாகச் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டெழுந்த மாளிகைகள். அவற்றுள் தலையாயது 1897-இல் எழுந்து, பின்னர்ப் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் எனப் பெயர் மாறியது. புத்தகக் கடை, மருந்துக் கடை, மோட்டார் கடை என ஆங்கிலேயர் வாழ்வுக்கு வேண்டியவை நிரம்பிய சாலை. மரங்களின் உச்சிக்கு மேல் தலைநீட்டியவை சிலவே. அத்தகைய சாலையில் பதினெட்டு மாடி எழுப்பத் திட்டம் தீட்டினார் அவர்.

வரைபடம் செய்தவர்கள் இலண்டனைச் சேர்ந்த பிரௌன், மௌலின் என்னும் கட்டடக் கலைஞர் இருவர். முன்மாதிரி, நியூயார்க்கில் அப்போதுதான் எழுந்திருந்த ஐக்கிய நாடுகள் தலைமைச் செயலகம். லெ கார்புசியே, ஆஸ்கர் நீமேயர் போன்ற பெருங்கலைஞர்கள் கூடி வடிவமைத்த அந்த முப்பத்தொன்பது மாடிக் கட்டடம், நிமிர்த்தி வைத்த நெருப்புப் பெட்டியை ஒத்தது. குவிமாடம் இல்லை, தூண் தலைப்பு இல்லை, பூவேலை இல்லை, மேலே கூர்ந்து முடிவதுமில்லை. ஒரே அளவினவான சாளரங்கள் கீழிருந்து மேல்வரை வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். உச்சியில் தட்டையான கூரை. போரில் சிதைந்த உலகம் புதிதாகத் தொடங்குவதன் அடையாளமாக அவ்வெறுமை கருதப்பட்டது. பழைய பேரரசின் அலங்காரங்கள் மலிந்த சாலையில், விடுதலை பெற்று ஆறு ஆண்டுகளே ஆன நாட்டின் வணிகர் ஒருவர் அவ்வடிவைத் தேர்ந்தது தற்செயல் என்று தோன்றவில்லை. கண்ணாடிச் சுவரை மட்டும் சென்னை வெயிலுக்கு அப்படியே கொண்டுவர இயலாது. ஆகவே கற்காரைச் சட்டங்களும் அவற்றிடையே சாளரங்களுமாக அம்முகம் மாறிற்று. வடிவம் நியூயார்க்கினுடையது, உடை சென்னைக்குரியது.

இக்கட்டடத்தால் தென்னாட்டுக் கட்டுமானத்தில் நேர்ந்த மாற்றத்தை ஏகாம்பரநாதர் கோபுரத்தோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். கோபுரத்தின் அடித்தளம் கருங்கல். மேல்நிலைகள் செங்கல்லும் சுதையும். பாரம் முழுவதையும் சுவரே சுமக்கிறது. ஆதலின் உயரம் கூடக்கூட அடி பருக்க வேண்டும். நிலைதோறும் சுவர் உள்வாங்கிச் சுருங்க வேண்டும். கோபுரத்தின் அழகிய சரிவு சிற்பியின் விருப்பம் மட்டுமன்று, சுமையின் கட்டளையுமாகும். சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு பதினான்கு மாடி கட்டினால் தரைத்தளத்தில் சுவரே பாதி இடத்தை விழுங்கிவிடும். இரும்புக் கம்பி பொதிந்த கற்காரையில் நிலை வேறு. தூணும் உத்திரமும் சேர்ந்த எலும்புக்கூடு பாரத்தை வாங்கி நிலத்திற்கு அனுப்புகிறது. சுவர் வெறும் போர்வை. அது மழையையும் வெயிலையும் தடுத்தால் போதும். அதனால் பத்தாம் மாடியின் அகலம் முதல் மாடியின் அகலமாகவே இருக்கலாம். சென்னைக் கட்டுமானம் சுண்ணாம்பையும் செங்கல்லையும் விட்டுக் கற்காரைத் தூணுக்கு மாறியதன் எல்லைக்கல்லாக இக்கட்டடத்தை வல்லுநர் குறிப்பிடுவது இதனால்தான்.

பணி 1953-இல் தொடங்கியது. மண்ணின் தன்மை பதினெட்டு மாடிக்கு இடந்தரவில்லை, திட்டம் குறுகியது. மாடிகளின் எண்ணிக்கையைப் பன்னிரண்டு என்பாரும் பதினான்கு என்பாரும் பதினைந்து என்பாரும் உளர். எங்கிருந்து எண்ணத் தொடங்குவது, எதைச் சேர்ப்பது என்பதில் எழும் வேறுபாடு இது. மக்கள் வாக்கில் நிலைத்தது பதினான்கே.

அடுத்த ஆண்டு, 1954 மார்ச்சு 13-ஆம் நாள், பிரிட்டிஷ் ஓவர்சீஸ் ஏர்வேஸ் நிறுவனத்தின் கான்ஸ்டலேஷன் விமானம் ஒன்று சிங்கப்பூரின் காலாங் நிலையத்தில் இறங்கியது. ஓடுபாதைக்குச் சற்று முன்பே கடலோரத் தடுப்புச் சுவரில் அதன் சக்கரப் பகுதி மோதியது. ஓடுபாதையில் விமானம் கவிழ்ந்து தீப்பற்றிக்கொண்டது. பணியாளர் சிலர் தப்பினர். பயணிகள் முப்பத்தொருவரும் மாண்டனர். அவர்களுள் ஒருவர் சிதம்பரம் செட்டியார்.

காலாங் விமான நிலையம் திறக்கப்பட்டதும் அவர் வங்கி தொடங்கியதும் ஒரே ஆண்டு, 1937. அந்நகரின் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் நகரத்தார் பாய்விரித்து அமர்ந்த காலம் முதல், டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்த 1859 முதல், எத்தனையோ பேர் அங்கே கப்பலில் சென்று இறங்கினர். பாட்டனார் காலத்தில் வாரக்கணக்கில் கடந்த கடலை மணிக்கணக்கில் கடக்கும் ஊர்தி அவரைப் போன்ற வணிகருக்குப் பெரும்பேறாக வாய்த்தது. அதுவே அவர் உயிரையும் கொண்டு சென்றது. மவுண்ட் ரோட்டில் அப்போது பணி தொடங்கி ஓராண்டே ஆகியிருந்தது.

தலைவர் மறைந்தார்; கட்டடம் நிற்கவில்லை. ஆனால் அதன் உரிமை மாறியது. 1956 சனவரி 19-ஆம் நாள் நடுவணரசு அவசரச் சட்டம் ஒன்றால் ஆயுள் காப்பீட்டுத் தொழிலைத் தன் பொறுப்பில் ஏற்றது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் ஆயுள் காப்பீட்டுக் கழகம் அமைந்தது. இந்திய நிறுவனம், அயல்நாட்டு நிறுவனம், சேமநிதிச் சங்கம் என மொத்தம் 245 அமைப்புகள் அதனுள் கரைந்தன. ஐம்பது வயது நிரம்பிய யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனமும் அவற்றுள் ஒன்று. பாதி எழுந்த கட்டடம் அதனோடு சேர்ந்து கழகத்தின் உடைமையாயிற்று. 1957-இல் இலண்டன் கலைஞர் இருவரும் விலகிக்கொண்டனர். வரைந்தவர் இல்லை, தொடங்கியவர் இல்லை, தொடங்கிய நிறுவனமும் இல்லை என்ற நிலையில் எல்.எம். சிதலே அப்பணியை ஏற்று நிறைவு செய்தார். 1932 முதல் சென்னையில் கலைக்கூடம் நடத்திவந்தவர் அவர். கட்டி முடித்தது முருகப்பா குழுமத்தின் கோரமண்டல் எஞ்சினியரிங் நிறுவனம். செலவு ஏறத்தாழ 87 இலட்சம் ரூபாய். 1959 ஆகஸ்டு 23-ஆம் நாள் அன்றைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் கட்டடத்தைத் திறந்து வைத்தார்.

பறிக்கப்பட்டது என்று இதனைக் கூறுவோர் உண்டு. சேர வேண்டியவரிடம் சேர்ந்தது என்போரும் உண்டு. நாட்டுடைமைக்கு முன் தனியார் காப்பீட்டு நிறுவனங்களுள் சில மக்கள் பணத்தைத் தம் பிற தொழில்களுக்குத் திருப்பியதும், சில நொடித்துப் போனதும் உண்மை. யுனைடெட் இந்தியா அத்தகையதன்று. ஆயினும் அது திரட்டிய செல்வம் சந்தாக் கட்டியோர் பணமே. குடும்பம் ஒன்றின் விலாசத்தைத் தாங்கி நின்றிருக்க வேண்டிய மாடம், பணம் கட்டிய பல்லாயிரவர்க்கும் பொதுவான கழகத்தின் இல்லமானது அதன் மூலத்திற்கு மாறானதாகத் தோன்றவில்லை. அது அறமா, அன்றா என்பதில் வழக்கு இருக்கலாம். தொடங்கியவர் பெயரை மறந்ததில் வழக்கே இல்லை, அது குறைதான். கிருஷ்ணதேவராயர் கோபுரமும் குடிகளின் வரிப்பணத்தால் எழுந்ததே. அதற்காக அவர் பெயரைக் காஞ்சி கைவிடவில்லை.

ஈராண்டில் பம்பாயில் உஷா கிரண் என்னும் குடியிருப்பு எழுந்து, நாட்டின் உயரப் பட்டத்தைப் பறித்துக்கொண்டது. சென்னையில் மட்டும் மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அக்கட்டடமே உயர்ந்தது. தமிழ்த் திரைப்படங்களில் ஊரிலிருந்து ஒருவன் சென்னைக்கு வந்துவிட்டான் என்று காட்ட, சென்ட்ரல் நிலையத்தின் கடிகாரத்தையடுத்து இயக்குநர்கள் காட்டியது இதையே. பட்டணம் பார்க்கப் போனவர்கள் மாடிகளை விரல்விட்டு எண்ணித் தவறிப்போய் மீண்டும் எண்ணுவது வழக்கமாயிற்று. நகைச்சுவைக் காட்சிகளில் ஏமாளி ஒருவனுக்கு விற்கப்படும் பொருளாகவும் அது ஆயிற்று. ஒரு கட்டடம் மக்கள் நினைவில் குடிபுகுந்துவிட்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. 1975 சூலையில் பெருந்தீ அதன் மாடிகளைப் பற்றியது. பழுதுபார்க்கப்பெற்று மீண்டும் எழுந்தது. 2023 ஏப்ரலில் உச்சியிலுள்ள பெயர்ப்பலகையில் தீ மூண்டு விரைவில் அணைக்கப்பட்டது.

மவுண்ட் ரோடு பின்னாளில் அண்ணா சாலை ஆயிற்று. காஞ்சி தந்த அறிஞர் அண்ணாவும் சிதம்பரம் செட்டியாரும் ஓராண்டு இடைவெளியில் பிறந்தவர்கள்; ஒருவர் 1909, மற்றவர் 1908. ஒருவர் பெயரைச் சாலை முழுவதும் சொல்கிறது. மற்றவர் தொடங்கிய வங்கியின் தலைமையகமும், அவர் கடைக்காலிட்ட மாடமும் அதே சாலையில் இருக்கின்றன. புரசைவாக்கத்தில் தந்தையார் பெயரிலும் மயிலாப்பூரில் அவர் பெயரிலும் பள்ளிகள் உள்ளன. மாடத்தின் உச்சியில் இருப்பது கழகத்தின் சுருக்கப் பெயர். எம்.சி.டி.எம். என்னும் விலாசம் அதில் எங்கும் இல்லை.

அதே கழகத்தின் உடைமையான பழைய பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கினர். மரபுக் காப்பாளர்கள் நீதிமன்றம் சென்றனர். உயர் நீதிமன்றம் இடிப்பைத் தடுத்துக் காத்தது. நூறாண்டு கடந்தது என்பதால் அதற்காக வாதாட ஆள் இருந்தது. பதினான்கு மாடிக் கட்டடம் 2059-இல்தான் நூறாண்டை எட்டும்.